பேனா நண்பர்களுக்கு இ-மெயில்: ஜவ்வாது மலையிலிருந்து மலேசியாவுக்கு

ஜவ்வாது மலையில் பள்ளி ஆசிரியராக இருக்கும் நண்பர் ஒருவர் அண்மையில் என்னிடம் ஒரு யோசனை கேட்டார். "எங்கள் பிள்ளைகளுக்கு வெளிநாட்டில் பேனா நண்பர்களைத் தேடிக் கொடுக்க ஆசை. பள்ளியில் ஒரு கம்ப்யூட்டர் இருக்கிறது. சிக்னல் மட்டும் நினைத்தால் வரும், நினைத்தால் போகும். வீடியோ கால் எல்லாம் நடக்கிற காரியம் இல்லை. வேறு என்ன வழி?"

வீடியோ கால் வேண்டவே வேண்டாம், இ-மெயில் போதும், அதையும் தமிழிலேயே எழுதச் சொல்லுங்கள் என்றேன். அவர் நம்பவில்லை. அவருக்குச் சொன்ன விளக்கத்தை உங்களுக்கும் சொல்கிறேன். நீங்கள் சென்னையில் அடுக்குமாடிக் குடியிருப்பில் இருந்தாலும் உங்கள் வீட்டுப் பிள்ளைக்கு இது பயன்படும்.

பேனா நட்பு பழைய பழக்கம். பின்லாந்தின் துர்க்கு நகரில் 1952-ல் தொடங்கிய ஓர் அமைப்பு, உலகம் முழுவதும் பள்ளிப் பிள்ளைகளிடம் படிவம் வாங்கி, வேறு நாட்டுப் பிள்ளைகளின் முகவரியை அனுப்பி வைத்தது. 2008-ல் அதை மூடிவிட்டார்கள். கம்ப்யூட்டர் வழியாகப் பள்ளிகளை இணைத்த முன்னோடி முயற்சிகளில் ஒன்று 1988-ல் நடந்தது. அமெரிக்காவும் சோவியத் யூனியனும் முறைத்துக்கொண்டிருந்த காலத்தில், நியூயார்க் மாநிலத்தின் 12 பள்ளிகளும் மாஸ்கோவின் 12 பள்ளிகளும் கம்ப்யூட்டர் மூலம் தொடர்புகொண்டன. ஐ-எர்ன் என்ற அமைப்பு வளர்ந்தது அதிலிருந்துதான். அன்றைய மோடத்தின் வேகத்தை இன்றைய பிள்ளைகளிடம் சொன்னால் சிரிப்பார்கள். ஆனால் கடிதத்துக்கு அந்த வேகமே போதுமானதாக இருந்தது.

ஏன் தமிழில்?

வெளிநாட்டுக் கடிதம் என்றாலே ஆங்கிலம் என்று நினைக்கிறோம். நண்பரும் முதலில் ஆங்கிலத்தில்தான் எழுதச் சொன்னார். வகுப்பில் இருந்த அத்தனை கடிதங்களும் ஒரே அச்சில் வார்த்தவை போல இருந்தன. பெயர், வகுப்பு, பிடித்த நிறம், பிடித்த விளையாட்டு, நன்றி. யார் எழுதியது என்பதைக் கையெழுத்தை வைத்துத்தான் கண்டுபிடிக்க முடியும். பதில் போடுகிறவர்தான் பாவம், எதற்குப் பதில் போடுவார்?

அதே பிள்ளைகளைத் தமிழில் எழுதச் சொன்னபோது ஒருவன் சாமையைக் குத்தி உமி நீக்குவது எவ்வளவு பெரிய வேலை என்று ஒரு பக்கம் எழுதினான். இன்னொரு பெண் பஸ்ஸில் போளூருக்கு இறங்கும்போது காது அடைப்பதையும் எச்சில் விழுங்கினால் சரியாவதையும் எழுதினாள். காவலூரில் இருக்கும் பெரிய டெலஸ்கோப்பைப் பற்றி மூன்று பேர் எழுதியிருந்தார்கள். எழுத வேண்டியதுதானே! வைனு பாப்பு வானாய்வகத்தின் 2.3 மீட்டர் தொலைநோக்கி 1986-ல் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. 1988-ல் காவலூரிலிருந்து கண்டுபிடித்த ஒரு குறுங்கோளுக்கு ராமானுஜன் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். பெருநகரத்தின் வெளிச்சத்தில் வளரும் பிள்ளைக்கு, தலைக்கு மேல் அத்தனை நட்சத்திரங்களைப் பார்த்து வளரும் பிள்ளை சொல்வதற்கு நிறைய இருக்கிறது. அதை ஆறு வரி ஆங்கிலத்தில் அடைத்துவிடக் கூடாது.

தமிழில் எழுதினால் வெளிநாட்டில் யார் படிப்பார்கள்? மலேசியாவில் மட்டும் 500-க்கும் மேற்பட்ட தமிழ்ப் பள்ளிகள் இருக்கின்றன. அவற்றில் பல, ரப்பர்த் தோட்டங்களில் வேலை செய்தவர்களின் பிள்ளைகளுக்காகத் தொடங்கியவை. ஆறாம் ஆண்டு வரை வகுப்புகள் உண்டு. அங்குள்ள பிள்ளைகள் தமிழோடு மலாயும் ஆங்கிலமும் படிக்கிறார்கள். சிங்கப்பூரில் தமிழ் ஆட்சிமொழிகளில் ஒன்று, பள்ளிப் பாடமும்கூட. இலங்கையைச் சொல்லவே வேண்டாம். கனடாவிலும் ஐரோப்பாவிலும் வார இறுதித் தமிழ் வகுப்புகள் நடக்கின்றன. அங்கே எழுத்துக் கூட்டிப் படிக்கிற பிள்ளைக்கு, பாடப்புத்தகத்தை விட வேறொரு பிள்ளையின் கடிதம் நல்ல பயிற்சி. ஆங்கிலம் கற்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அதற்கு வேறு வேளை இருக்கிறது.

தேடும் வேலையைப் பிள்ளைகளிடம் விடாதீர்கள். ஆசிரியர் ஆசிரியருக்கு எழுத வேண்டும். பள்ளியின் பெயரில் ஒரு மெயில் எழுதி, எத்தனை பிள்ளைகள், எந்த வகுப்பு, மாதத்துக்கு எத்தனை கடிதம் என்று சொல்லிவிடுங்கள். நம் பள்ளி ஆண்டும் அவர்களுடையதும் ஒன்றல்ல என்பதால், விடுமுறைத் தேதிகளை முதல் கடிதத்திலேயே கேட்டுக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் இங்கே பிள்ளைகள் பதிலுக்குக் காத்திருந்து வாடிப்போவார்கள்.

எழுத்து உடையாமல் போய்ச் சேர

இந்தப் பத்திரிகையைப் படிக்கும் பழைய ஆட்களுக்கு நினைவிருக்கும். 2000-ன் தொடக்க ஆண்டுகளில் தமிழில் மெயில் அனுப்பினால் எதிர்முனையில் ஆங்கில எழுத்தும் கொம்பும் குறியுமாகத் தெரியும். காரணம், ஒவ்வொரு எழுத்துருவும் ஒவ்வொரு குறியீட்டு முறையில் இருந்தது. திஸ்கி ஒன்று, டாம் ஒன்று, டாப் ஒன்று, அவை போக நிறுவனத்துக்கு ஒன்று. அனுப்புகிறவரிடம் இருக்கும் எழுத்துரு பெறுகிறவரிடமும் இருக்க வேண்டும். கடிதத்துக்கு முன்னால் எழுத்துருவை அனுப்பிய கூத்தெல்லாம் நடந்திருக்கிறது.

யூனிகோடு வந்து அந்தத் தொல்லையை ஒழித்தது. ஒவ்வொரு தமிழ் எழுத்துக்கும் குறிக்கும் உலகம் முழுவதற்கும் பொதுவான எண் உண்டு. 2010-ல் தமிழக அரசும் யூனிகோடை ஏற்று ஆணையிட்டது. ஆகவே, பழைய எழுத்துருவில் டைப் செய்து பழகிய ஆசிரியர்கள் தயவுசெய்து அதை விட்டுவிடுங்கள். விண்டோஸ் 10, 11 இரண்டிலும் தமிழ்99, அஞ்சல் ஆகிய கீபோர்டுகள் உண்டு. செட்டிங்ஸில் மொழிகள் பகுதிக்குப் போய் தமிழைச் சேர்த்து, வேண்டிய கீபோர்டைத் தேர்ந்தெடுங்கள். பிள்ளைகளுக்குத் தமிழ்99-ஐயே பழக்குங்கள். அஞ்சல் முறையில் ஆங்கில ஒலியை நினைத்துத் தமிழ் அடிக்க வேண்டும். ஆங்கிலம் சரளமாக வராத பிள்ளைக்கு அது தலையைச் சுற்றி மூக்கைத் தொடுவது போல.

சிக்னல் இல்லாமல் எழுதலாம்

இ-மெயில் மலைக்கு ஏற்றது என்று சொன்னதற்குக் காரணம் இதுதான். வீடியோ கால் என்றால் இரு பக்கமும் ஒரே நேரத்தில் சிக்னலும் கரண்டும் இருக்க வேண்டும். மலேசிய நேரம் நமக்கு இரண்டரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது. நம் பிள்ளைகள் மதியச் சாப்பாட்டுக்கு உட்காரும்போது அங்கே மாலை நெருங்கிவிடும். இ-மெயிலுக்கு இந்த நிபந்தனை எதுவும் கிடையாது. அஞ்சல் பெட்டியில் போட்ட கடிதம் பஸ்ஸுக்குக் காத்திருப்பது போல அது காத்திருக்கும்.

கம்போடியாவில் இதை அப்படியே செய்து காட்டினார்கள். ரத்தனகிரி மாகாணத்துக் கிராமப் பள்ளிகளுக்கு இன்டர்நெட் கிடையாது. 2003-ல், பின்னால் வயர்லெஸ் கருவி பொருத்திய மோட்டார் சைக்கிள்களை ஓடவிட்டார்கள். வண்டி பள்ளியை நெருங்கியதும் அங்குள்ள கம்ப்யூட்டரில் காத்திருந்த மெயில்கள் வண்டிக்கு ஏறும், வண்டியில் வந்தவை பள்ளிக்கு இறங்கும். வண்டி மாகாணத் தலைநகருக்குத் திரும்பியதும் சாட்டிலைட் வழியாக எல்லாம் உலகத்துக்குப் போகும். இந்த ஏற்பாட்டுக்கு டாக்நெட் என்று பெயர். நம் ஊர் 'டாக்' என்ற தபால் சொல்லேதான். கர்நாடகக் கிராமங்களில் பஸ்ஸை வைத்தும் இதைச் சோதித்திருக்கிறார்கள்.

உங்களுக்கு மோட்டார் சைக்கிள் தேவையில்லை, தண்டர்பேர்டு என்ற இலவச மென்பொருள் போதும். சிக்னல் நன்றாக இருக்கும் ஒரு நாளில் பள்ளியின் மெயில் கணக்கை அதில் சேர்த்துவிடுங்கள். பிறகு சிக்னல் இல்லாத நேரத்திலும் பிள்ளைகள் எழுதலாம். எழுதி முடித்ததும் சென்ட் பட்டனை க்ளிக் செய்யாமல், கன்ட்ரோல், ஷிஃப்ட் இரண்டையும் பிடித்துக்கொண்டு என்டரைத் தட்டுங்கள். கடிதம் அவுட்பாக்ஸில் போய் உட்காரும். சிக்னல் கிடைத்ததும் ஃபைல் மெனுவில் அனுப்பாத கடிதங்களை அனுப்பும் கட்டளையைத் தந்தால் எல்லாம் ஒரே மூச்சில் போய்விடும். கம்ப்யூட்டர் லேப்டாப்பாக இருந்தால் சிக்னல் இருக்கும் இடத்துக்குத் தூக்கிக்கொண்டு போகலாம். ஜமுனாமரத்தூருக்கோ போளூருக்கோ யாரோ ஒருவர் போகத்தானே போகிறார்!

கணக்கும் பாருங்கள். யூனிகோடில் ஒரு தமிழ்க் குறி மூன்று பைட் எடுக்கும். 1,500 குறிகள் கொண்ட ஒரு பக்கக் கடிதம் வெறும் நாலரை கிலோபைட். செல்போனில் எடுத்த ஒரு படமோ மூன்று மெகாபைட். ஒரு படம் அனுப்பும் இடத்தில் 600 கடிதங்களுக்கு மேல் அனுப்பலாம். மெயிலில் இணைக்கும்போது ஃபைலின் அளவு மூன்றில் ஒரு பங்கு கூடும் என்பதும் நினைவிருக்கட்டும். படம் அனுப்பக் கூடாது என்பதில்லை. பெயின்ட் மென்பொருளில் திறந்து, அகலத்தை 1,024 பிக்சலாகக் குறைத்து ஜேபெக்காகச் சேமித்தால் சில நூறு கிலோபைட்டில் அடங்கிவிடும். சின்னப் பிள்ளைகளின் கடிதத்தை டைப் செய்யாமல், கையால் எழுதியதையே படம் எடுத்து இப்படி அனுப்புங்கள். அடித்தல் திருத்தலோடு போகட்டும், அதில்தான் பிள்ளை இருக்கிறது.

இதில் மட்டும் கண்டிப்பு தேவை

செல்போன் படத்துக்குள், அது எடுக்கப்பட்ட இடத்தின் அட்சரேகையும் தீர்க்கரேகையும் ஒளிந்திருக்கலாம். பிள்ளை வீட்டு வாசலில் எடுத்த படத்தை அனுப்பினால் வீட்டுக்கே வழி சொன்னது போல. படத்தின் மேல் ரைட் க்ளிக் செய்து ப்ராப்பர்ட்டீஸ், அதில் டீடெய்ல்ஸ் போங்கள். கீழே, சொந்தத் தகவல்களை நீக்கும் வசதி இருக்கும். அனுப்பும் ஒவ்வொரு படத்துக்கும் இதைச் செய்யுங்கள்.

பிள்ளைகளுக்குத் தனித்தனி மெயில் கணக்கு வேண்டாம். எல்லாக் கடிதமும் பள்ளிக் கணக்கிலிருந்து போகட்டும், அங்கேயே வரட்டும். 2023-ல் இயற்றப்பட்ட நம் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயதுக்குக் கீழுள்ளவர்களைக் குழந்தைகள் என்றே கணக்கில் கொள்கிறது. பெற்றோரிடம் எழுத்தில் சம்மதம் வாங்கி வையுங்கள். கடிதத்தில் பெயர் மட்டும் போதும். வீட்டு முகவரி, போன் நம்பர், தினமும் நடந்து போகும் வழி எதுவும் கூடாது. ஆசிரியர் படித்துப் பார்ப்பார் என்பதைப் பிள்ளைகளிடம் முன்பே சொல்லிவிட வேண்டும். ஆனால் ஆசிரியர் திருத்தக் கூடாது! எழுத்துப் பிழையைத் திருத்த ஆரம்பித்தால், அடுத்த கடிதம் மறுபடியும் பிடித்த நிறத்துக்குப் போய்விடும். திருத்தித் தரும் செயற்கை நுண்ணறிவு மென்பொருள்களுக்கும் இதே பேச்சுதான்.

ஒன்றை மட்டும் வற்புறுத்துங்கள். ஒவ்வொரு கடிதத்திலும், பெறுகிற பிள்ளையால் மட்டுமே பதில் சொல்ல முடிந்த ஒரு கேள்வி இருக்க வேண்டும். 'நலமா' என்பது கேள்வி ஆகாது. 'உங்கள் ஊரில் மழை வருவதற்கு முன்னால் எதை வைத்துத் தெரிந்துகொள்வீர்கள்' என்பது கேள்வி.

வந்த கடிதங்களைப் பத்திரப்படுத்துவதும் உங்கள் பொறுப்பு. இணையச் சேவை எதையும் நம்பி விட்டுவிடாதீர்கள். ஆர்குட் 2014-ல் போனது, யாஹூ குரூப்ஸ் 2020-ல் போனது, வகுப்பறைகளை இணைக்கப் பல ஆசிரியர்கள் பயன்படுத்திய ஸ்கைப் 2025 மே மாதம் போனது. தண்டர்பேர்டில் கடிதங்களைத் தேர்ந்தெடுத்து, ஃபைல் மெனுவில் 'சேவ் ஆஸ்' கொடுத்தால் ஒவ்வொன்றும் தனி ஃபைலாகச் சேரும். ஒரு பென் டிரைவில் ஒரு பிரதி, கம்ப்யூட்டரில் ஒரு பிரதி வையுங்கள். ஆண்டு முடிவில் ஒவ்வொரு பிள்ளைக்கும் வந்த கடிதங்களைப் பிரிண்ட் எடுத்து அவரவர் கையில் கொடுத்துவிடுங்கள். கறுப்பு வெள்ளையே போதும்.