சரக்குக்கு இன்ஷூரன்ஸ் உண்டு. தராசுக்கும் ஃப்ரீசருக்கும் உண்டா?

"கடைக்கு இன்ஷூரன்ஸ் எடுத்திருக்கிறீர்களா?" என்று நம் வணிகர்களிடம் கேட்டால், "அதுதான் பாங்கில் வருஷா வருஷம் பிடித்துக்கொள்கிறார்களே" என்ற பதில்தான் அநேகமாக வருகிறது. அந்தப் பாலிசியை நேரில் பார்த்தவர் யார் என்று அடுத்து கேட்டால் பதில் இல்லை. பிரீமியத் தொகை கணக்கில் பற்று வைக்கப்படுகிறது. பாலிசி பாங்கியின் கோப்பில் தூங்குகிறது. ஆபத்து வந்த மறுநாள்தான் அதைத் தேடி எடுத்துப் படிக்கிறோம்.

படித்தால் என்ன தெரிகிறது? பாங்கி கடன் கொடுத்தது சரக்கின் பேரில். ஆகவே அது இன்ஷூர் செய்வதும் பெரும்பாலும் சரக்கை மட்டுமே. பாலிசியில் "ஸ்டாக்ஸ்" என்ற ஒரு சொல்தான் இருக்கும். மிளகாய் மூட்டையும் எண்ணெய் டின்னும் அதில் அடங்கும். எலக்ட்ரானிக் தராசு, பில் போடும் கம்ப்யூட்டர், டீப் ஃப்ரீசர், இன்வெர்ட்டர், அரவை மிஷின், ராக்கைகள், கேமரா எதுவும் அடங்காது. இவையெல்லாம் விற்பதற்கு வைத்த பொருள்கள் அல்ல, தொழில் செய்ய வைத்த சாமான்கள். பாலிசியில் இவற்றுக்குத் தனியாக ஒரு வரியும் தனியாக ஒரு தொகையும் இருந்தாக வேண்டும்.

முப்பது வருஷத்துக்கு முன் ஒரு மளிகைக் கடையில் சரக்கைத் தவிர என்ன இருந்தது? ஒரு தட்டுத் தராசு, படிக்கற்கள், மரக் கல்லாப்பெட்டி, நாலு டின், ஒரு ஃபேன். தீப்பிடித்தாலும் அவற்றின் நஷ்டம் சில ஆயிரங்களோடு போயிற்று. இன்று நிலைமை அப்படி இல்லை. நடுத்தரக் கடை ஒன்றில் இருக்கும் தொழில் சாமான்களை ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் உட்கார்ந்து பட்டியல் போட்டுப் பாருங்கள். கூட்டுத் தொகை இரண்டு லட்சத்தையோ நாலு லட்சத்தையோ சாதாரணமாகத் தாண்டும். சரக்கு போனால் மொத்த வியாபாரி தவணைக்குக் கொடுப்பார். தராசும் கம்ப்யூட்டரும் போனால் கையில் காசு வைத்துத்தான் வாங்க வேண்டும். வாங்கும் வரை வியாபாரமும் நிற்கும்.

இப்போது எந்தப் பாலிசி எதற்கு உதவும் என்பதைப் பார்ப்போம். பழைய தீ விபத்துப் பாலிசிக்குப் பதிலாக 1-4-2021 முதல் சிறு வணிகர்களுக்கு "பாரத் சூக்ஷ்ம உத்யம் சுரக்ஷா" என்ற பாலிசி வந்திருக்கிறது. ஒரே இடத்தில் இன்ஷூர் செய்யத்தக்க சொத்தின் மொத்த மதிப்பு 5 கோடி ரூபாய்க்கு மேற்படாதவர்களுக்கு இது. எல்லாப் பொது இன்ஷூரன்ஸ் கம்பெனிகளிலும் அடிப்படை வாசகம் ஒன்றே. தீ, இடி, புயல், வெள்ளம், பூகம்பம், கலவரம், வேண்டுமென்று செய்த சேதம், வாகனம் மோதுதல் ஆகியவை இதில் அடக்கம். முன்பெல்லாம் பிரீமியம் குறையும் என்று புயல், வெள்ளப் பிரிவை வேண்டாமென்று எழுதிக் கொடுத்தவர்கள் உண்டு. சென்னையில் 2015 டிசம்பரில் தண்ணீர் புகுந்தபோது அந்தச் சிக்கனத்தின் விலை தெரிந்தது. 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியதை நாம் மறக்கவில்லை. வெள்ளம் ஆற்றங்கரைக் கடைக்குத்தான் வரும் என்று இனி யாரும் இருக்க முடியாது.

ஆனால் இந்தப் பாலிசியில் இரண்டு பெரிய ஓட்டைகள் உண்டு. நம் கடைச் சாமான்கள் பெரும்பாலும் இந்த இரண்டிலும்தான் விழுகின்றன.

முதலாவது, கரண்ட். மின் அழுத்தம் கூடியோ ஷார்ட் சர்க்யூட் ஆகியோ ஃப்ரீசரின் கம்ப்ரஸர் எரிந்துபோனால், அந்த ஃப்ரீசருக்குத் தீ பாலிசி பணம் தராது. அதிலிருந்து தீ பரவிப் பக்கத்து ராக்கையும் சரக்கும் எரிந்தால் அவற்றுக்குத் தரும். தீ கிளம்பிய அந்த மிஷினுக்கு மட்டும் இல்லை. வினோதமாகத் தோன்றினாலும் விதி அதுதான். நம் ஊர்களில் வோல்டேஜ் ஏறி இறங்கும் அழகு எல்லோருக்கும் தெரியும். தீயால் போகும் மிஷின்களைவிட கரண்டால் போகும் மிஷின்களே அதிகம் என்பது எங்கள் அனுபவம். இதற்கு "மெஷினரி பிரேக்டவுன்" என்ற பிரிவும், கம்ப்யூட்டர், மின்னணுத் தராசு, கேமரா போன்றவற்றுக்கு "எலக்ட்ரானிக் எக்விப்மெண்ட்" என்ற பிரிவும் தனியாக உண்டு. ஃப்ரீசர் நின்றதால் உள்ளே இருந்த பனீரும் ஐஸ்கிரீமும் கெட்டுப்போனால் அது இன்னொரு கணக்கு. அதற்கும் தனியே கேட்டு வாங்க வேண்டும்.

இரண்டாவது, திருட்டு. தீயோ வெள்ளமோ வந்த குழப்பத்தில் அதன் காரணமாக 7 நாட்களுக்குள் திருட்டுப் போனால்தான் மேற்படி பாலிசி கொடுக்கும். சாதாரண நாளில் வரும் திருடனுக்கு "பர்க்ளரி" பாலிசி எடுக்க வேண்டும். எடுத்தவர்களும் ஏமாறும் இடம் ஒன்று இதில் இருக்கிறது.

எங்களுக்குத் தெரிந்த ஒரு கடையில் இரண்டு எலக்ட்ரானிக் தராசுகளும் பில் கம்ப்யூட்டரும் ஒரே இரவில் போயின. பர்க்ளரி பாலிசி நடப்பில் இருந்தது. சர்வேயர் வந்தார்; ஷட்டரைப் பார்த்தார், பூட்டைப் பார்த்தார், பின்கதவைப் பார்த்தார். எங்கும் ஒரு கீறல் இல்லை. இரவு மூட்டை இறக்கிய பையன் பின்கதவுக்குத் தாழ் போட மறந்திருக்கிறான். கம்பெனி கையை விரித்துவிட்டது. முதலாளி எங்களிடம் வந்து, "திருடு போனது பொய்யா அண்ணாச்சி?" என்று கேட்டார். பொய் இல்லை. ஆனால் பர்க்ளரி பாலிசியின் வாசகம் பூட்டை உடைத்தோ, பலவந்தமாக நுழைந்தோ, பலவந்தமாக வெளியேறியோ செய்த திருட்டுக்கு மட்டும்தான் பொருந்தும். பலப் பிரயோகம் இல்லாத திருட்டு இதில் வராது என்று உச்ச நீதிமன்றமே 2004-ல் ஒரு வழக்கில் சொல்லிவிட்டது. பட்டப்பகலில் கல்லா மேலிருந்த செல்போனை ஒருவன் எடுத்துக்கொண்டு நடந்தால் அதுவும் இதில் சேராது. சில கம்பெனிகள் சாதாரணத் திருட்டையும் சேர்த்துத் தருகின்றன. கூடுதல் பிரீமியம் உண்டு. வேலையாட்களே எடுத்தால் அது "ஃபிடெலிட்டி" என்ற வேறு பிரிவு. அந்தக் கடைக்காரர் கடைசியில் கைக்காசு போட்டுத்தான் தராசு வாங்கினார்.

இவற்றையெல்லாம் தனித்தனியே எடுப்பது சிரமம் என்பதால் கடைக்காரர்களுக்கென்றே "ஷாப்கீப்பர்ஸ் பாலிசி" என்று ஒரு தொகுப்புப் பாலிசி இருக்கிறது. தீ, பர்க்ளரி, கல்லாப் பணம், கண்ணாடி, மிஷின் பழுது, எலக்ட்ரானிக் சாமான் என்று பிரிவு பிரிவாக இருக்கும். வேண்டியதை மட்டும் எடுத்துக்கொள்ளலாம். மளிகைக் கடைக்கு இதுவே போதும் என்பது எங்கள் அபிப்பிராயம். ஏஜெண்டு எல்லாப் பிரிவையும் தலையில் கட்டப் பார்ப்பார். நியான் போர்டு இல்லாத கடைக்கு நியான் போர்டு பிரிவு எதற்கு? மிஷின் பிரிவை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

கடையை விட்டு வெளியே போகும் சாமான்கள் வேறு ரகம். டெலிவரிக்குக் கொண்டுபோகும் சிறு தராசு, ஆர்டர் எடுக்கும் செல்போன், மகன் வீட்டுக்கும் கடைக்கும் தூக்கிச் செல்லும் லாப்டாப் ஆகியவற்றுக்குக் கடைப் பாலிசி கடை முகவரிக்குள்தான் செல்லும். வீட்டுப் பாலிசி இருக்கிறதே என்றால், தொழிலுக்குப் பயன்படும் பொருள் என்று அதிலும் விலக்கிவிடுவார்கள். வண்டி இன்ஷூரன்ஸ் வண்டிக்குத்தானே ஒழிய வண்டியில் இருந்த தராசுக்கு அல்ல. ஆக, சொந்தப் பொருளா தொழில் பொருளா என்று சொல்ல முடியாதது எதுவோ அது இரண்டு பக்கமும் சேராமல் நடுத்தெருவில் நிற்கிறது. இதற்கு "ஆல் ரிஸ்க்" என்ற வகையில் பொருளின் பெயர், நம்பர், மதிப்பு எழுதி இன்ஷூர் செய்யலாம். பிரீமியம் சற்றுக் கூடுதல். ஆகவே விலை உயர்ந்த ஓரிரு சாமான்களுக்கு மட்டும் செய்தால் போதும்.

ஐஸ்கிரீம் கம்பெனி, குளிர்பானக் கம்பெனி கொடுத்து வைத்திருக்கும் ஃப்ரீசர் நம் பொருள் அல்ல. அது எரிந்தால் அவர்கள் நம்மிடம் கேட்பார்களா, அவர்களே இன்ஷூர் செய்திருக்கிறார்களா என்பதை ஒப்பந்தத்தில் பாருங்கள். பொறுப்பு நம்முடையது என்றால், பிறர் பொருள் நம் வசம் இருப்பதாகச் சொல்லிப் பாலிசியில் சேர்க்கச் சொல்ல வேண்டும்.

அடுத்தது தொகை. பிரீமியம் குறையட்டும் என்று மதிப்பைக் குறைத்து எழுதுவது நம்மவர்களின் பழைய பழக்கம். உங்கள் தொழில் சாமான்களின் உண்மை மதிப்பு 4 லட்ச ரூபாய் என்றும், 2 லட்சத்துக்கே எழுதியிருக்கிறீர்கள் என்றும் வைத்துக்கொள்வோம். வெள்ளத்தில் 1 லட்சத்துக்குச் சேதம். 2 லட்சம் வரை பாலிசி இருக்கிறதே, 1 லட்சம் முழுசாக வரும் என்று நினைப்பீர்கள். வராது. பாதி மதிப்புக்குத்தான் இன்ஷூர் செய்திருக்கிறீர்கள், பாதி ஆபத்து உங்களுடையது என்று 50,000 ரூபாய்தான் கணக்காகும். மேலே சொன்ன சூக்ஷ்ம உத்யம் பாலிசியில் குறைவு 15 சதவீதத்துக்குள் இருந்தால் கண்டுகொள்வதில்லை. அதற்கு மேல் போனால் இதே கணக்குத்தான். எந்த மதிப்பில் எழுதுகிறார்கள் என்பதையும் கேளுங்கள். "மார்க்கெட் வேல்யூ" என்றால் ஐந்து வருஷத் தேய்மானத்தைக் கழித்துவிட்டுத் தருவார்கள். "ரீஇன்ஸ்டேட்மெண்ட்" என்றால் அதே மாதிரிப் புதுச் சாமானின் இன்றைய விலை. ஆனால் வழக்கமாக 12 மாதத்துக்குள் உண்மையிலேயே வாங்கிப் பொருத்தியிருக்க வேண்டும். சாமான்களுக்கு இரண்டாவது முறையே நல்லது.

பிரீமியத்தின் மேல் 18 சதவீதம் ஜி.எஸ்.டி. உண்டு. ரெகுலர் பதிவில் இருப்பவர்கள் உள்ளீட்டு வரியாக எடுத்துக்கொள்ளலாம். காம்பவுண்டிங் முறையில் இருப்பவர்களுக்கு அந்தச் சலுகை இல்லை. இன்னொன்று: பிரீமியம் முன்கூட்டியே கம்பெனிக்குப் போய்ச் சேராமல் பொறுப்பு தொடங்காது என்பது 1938-ஆம் வருஷத்து இன்ஷூரன்ஸ் சட்டத்திலேயே இருக்கிறது. "நாளைக்கு வாங்கிக்கொள்கிறேன்" என்று ஏஜெண்டு சொன்னது பாலிசி ஆகாது. செக் திரும்பினாலும் அதே கதிதான்.

பொருள் இருந்தது என்பதற்கு அத்தாட்சி நாம்தான் காட்ட வேண்டும். வாங்கிய பில்லைக் கடையிலேயே வைத்திருந்து கடையோடு அது எரிந்துபோன கதைகள் உண்டு. பில், வாரண்டி அட்டை, மிஷினின் சீரியல் நம்பர் தெரியும்படி ஒரு போட்டோ ஆகிய மூன்றையும் செல்போனில் படமெடுத்து வீட்டில் உள்ளவர்களின் போனுக்கும் அனுப்பிவிடுங்கள். பழைய தராசுக்குப் பில் தொலைந்துவிட்டதா? கவலை வேண்டாம். வருஷா வருஷம் முத்திரை போடும்போது தரும் சான்றிதழில் தராசின் விவரமும் உங்கள் கடைப் பெயரும் இருக்கும். அபராதத்துக்குப் பயந்து மாட்டி வைக்கும் அந்தத் தாள், கிளைம் நேரத்தில் நமக்கே சாட்சி சொல்லும்.

முகவரியையும் பாருங்கள். குடோன் மாற்றி இரண்டு வருஷம் ஆகியும் பாலிசியில் பழைய தெருவே இருந்தால், புதுக் குடோனில் எரிந்ததற்குக் கம்பெனி பொறுப்பல்ல. ஒரு கடிதம் கொடுத்து "எண்டார்ஸ்மெண்ட்" வாங்கிக்கொண்டால் தீர்ந்தது. பாங்கி மூலம் எடுத்த பாலிசியிலும் இதை நாம்தான் சொல்ல வேண்டும். பாங்கி மானேஜருக்கு நம் குடோன் மாறியது எப்படித் தெரியும்?

நஷ்டம் நேர்ந்துவிட்டால் முதல் வேலை கம்பெனிக்கு எழுத்து மூலமோ, மெயில் மூலமோ, அவர்களது போன் எண்ணிலோ அன்றைக்கே தெரிவித்துப் பதிவு எண் வாங்குவது. சர்வேயர் பார்க்கும் முன் கெட்ட சாமானைப் பழைய இரும்புக்குப் போட்டுவிடாதீர்கள். தண்ணீர் புகுந்த மிஷினை "ஓடுகிறதா பார்ப்போம்" என்று சுவிட்ச் போடவே கூடாது. எரிந்துபோனால், வெள்ளத்தால் கெட்டதா கரண்டால் கெட்டதா என்று தகராறு கிளம்பும். திருட்டு என்றால் ஸ்டேஷனில் சி.எஸ்.ஆர். ரசீதோடு திரும்பி வந்துவிடாதீர்கள். கம்பெனி கேட்பது எஃப்.ஐ.ஆர்.; பின்னால், கண்டுபிடிக்க முடியவில்லை என்ற போலீஸ் அறிக்கையும் கேட்பார்கள்.

கிளைமை மறுத்தாலோ அநியாயமாகக் குறைத்தாலோ காரணத்தை எழுத்தில் கேளுங்கள். பிறகு கம்பெனியின் குறைதீர் அதிகாரிக்கு எழுதுங்கள். ஒரு மாதத்தில் பதில் வராவிட்டாலும், வந்த பதில் திருப்தி இல்லையென்றாலும் சென்னையில் உள்ள இன்ஷூரன்ஸ் ஆம்புட்ஸ்மனிடம் போகலாம். 2017-ஆம் வருஷ விதிகளின்படி தனி உரிமையாளர் கடைகளும் குறு நிறுவனங்களும் அங்கே மனு கொடுக்க முடியும். கட்டணம் கிடையாது, வக்கீல் வைக்கவும் முடியாது. நாமே போய்ப் பேச வேண்டும். கம்பெனி மறுத்து ஒரு வருஷத்துக்குள் மனு போய்ச் சேர வேண்டும். மனுவோடு பாலிசி நகல், மறுப்புக் கடிதம், சர்வேயர் அறிக்கையின் நகல் ஆகியவற்றை வையுங்கள். சர்வேயர் அறிக்கை நகலைக் கம்பெனி தானாகக் கொடுக்கவில்லையென்றால் கடிதம் எழுதிக் கேட்டு வாங்குங்கள். எந்த இனத்துக்கு எவ்வளவு கழித்திருக்கிறார்கள் என்பது அதில்தான் இருக்கும்.