சுவிட்சை அணைப்பது யார்?

திருச்சி ஸ்ரீரங்கத்தின் உத்திர வீதிகளிலும் சித்திரை வீதிகளிலும் மிச்சமிருக்கும் பழைய வீடுகள் தெருப்பக்கம் குறுகல், உள்ளே நீளம். திண்ணை தாண்டினால் ரேழி, கூடம், முற்றம், அடுக்களை, கொல்லை என்று போய்க்கொண்டே இருக்கும். சுவர்களோ சுண்ணாம்புக் காரை பூசிய தடித்த சுவர்கள். கூடத்து வைஃபை பெட்டியின் சிக்னல் கொல்லைக்குப் போய்ச் சேருவதற்குள் களைத்துவிடும். ‘ஸ்மார்ட் ஹோம்’ என்று அட்டையில் அச்சடித்து வரும் சாமான்களுக்கு முதல் பரீட்சை இந்தச் சுவர்தான்.

அடுத்த பரீட்சை வீட்டு மனிதர்கள். இங்கே பல வீடுகளில் அப்பாவும் அம்மாவும் மட்டுமே இருக்கிறார்கள். பிள்ளைகள் பெங்களூரிலோ சிங்கப்பூரிலோ டல்லாஸிலோ. விடுமுறைக்கு வரும் மகன் கேமரா, பேசும் ஸ்பீக்கர், செயலியில் எரியும் விளக்கு எல்லாவற்றையும் மாட்டி, தன் பெயரில் கணக்கும் தொடங்கிவிட்டு விமானம் ஏறுகிறான். வாங்கியவர் ஒருவர், அதோடு குடித்தனம் நடத்துபவர் வேறொருவர். படுக்குமுன் வீட்டைச் சுற்றிவந்து எல்லா சுவிட்சையும் அணைப்பது நம் பெரியவர்களின் பழக்கம். சுவர் சுவிட்சை அணைத்தால் ஸ்மார்ட் பல்பு வெறும் பல்புகூட இல்லை. வைஃபை பெட்டியும் அந்தச் சுற்றில் அகப்பட்டால் கேமராவும் இருண்டுவிடும். டல்லாஸில் மகன் பதறுவான். அம்மா நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருப்பார்.

இது நம்மூர்க் கதை மட்டும் என்று எண்ண வேண்டாம். இங்கிலாந்தின் லஃப்பரோ நகரில் டாம் ஹார்கிரீவ்ஸ், சார்லி வில்சன் குழுவினர் பத்துக் குடும்பங்களை ஒன்பது மாதம் கவனித்தார்கள். இந்தக் கருவிகள் வீட்டின் வழக்கங்களைக் குலைக்கின்றன, கற்றுக்கொள்ளவே நிறைய நேரம் பிடிக்கிறது, சந்தேகம் கேட்க ஆள் கிடைப்பதில்லை என்பவை அவர்கள் கண்டவை. மின்சாரம் பெரிதாக மிச்சமாகும் என்பதற்கும் ஆதாரம் குறைவு. மின் செலவு கூடவும் வாய்ப்பிருக்கிறது என்று எச்சரித்தார்கள்.

இங்கே அதற்குமேல் வேறு தொல்லைகள். பல ஸ்மார்ட் சுவிட்சுகளுக்கு நியூட்ரல் வயர் வேண்டும். பழைய சுவிட்ச் பெட்டிகள் பலவற்றில் அது இருக்காது. எலெக்ட்ரீஷியன் சுவரைக் கொத்த வேண்டிவரும். நடுராத்திரி போன கரண்ட் திரும்பும்போது சில பல்புகள் தாமாகவே முழு வெளிச்சத்தில் எரிந்து வீட்டையே எழுப்பிவிடும். 2017இல் இந்தியாவுக்கு வந்தபோது அமேசானின் பேசும் உதவியாளர் அலெக்சாவுக்கு ஆங்கிலம்தான் தெரிந்திருந்தது. 2019இல் இந்தி சேர்ந்தது, தமிழ் சேரவில்லை. விளக்கை அணைக்கச் சொல்ல எழுபது வயதில் ஆங்கிலம் பழக வேண்டுமா என்ன?

ஆனால் திருச்சிக்காரர்கள் தானியங்கிகளை வேண்டாம் என்றவர்கள் இல்லை. மாடித் தொட்டி நிரம்பியதும் மோட்டாரை நிறுத்தும் கருவியைப் பாருங்கள்: செயலி கிடையாது, கணக்கு கிடையாது, மாட்டிய மறுநாளே மறந்துவிடலாம். காவிரிக்கரை வயல்களில் செல்போனால் மோட்டாரை இயக்கும் ஸ்டார்ட்டர்களும் உண்டு. மும்முனை மின்சாரம் வரும் நேரத்தில், பாம்புக்குப் பயந்து இருட்டில் வரப்பில் நடக்க வேண்டியிருந்த தொல்லைக்கு அது மருந்து. புணேயைச் சேர்ந்த சந்தோஷ் ஓஸ்ட்வாலின் ‘நானோ கணேஷ்’ இந்த வகையில் முன்னோடி. 2009இல் நோக்கியா போட்டியில் பரிசு பெற்றது. தமிழக வேளாண்மைப் பொறியியல் துறை இத்தகைய கருவிகளுக்கு மானியமும் தருகிறது.

மின்சாரம் குறைவாக இழுக்கும் பிஎல்டிசி மின்விசிறியும் அப்படித்தான். பழைய விசிறி 75 வாட் இழுக்கும். இது சுமார் 30. தினமும் 12 மணி நேரம் ஓடினால் இரண்டு மாதத்தில் 54 யூனிட்டுக்குப் பதில் 22 யூனிட்டுக்குள் முடிந்துவிடும். 500 யூனிட்டைத் தாண்டினால் கட்டண விகிதமே மாறும் நம் மாநிலத்தில் இது சின்னக் கணக்கில்லை. அதன் ரிமோட் தலையணைக்கடியில் தொலைவது வேறு விஷயம்.

இவையெல்லாம் நிலைத்ததற்குக் காரணம் எளிது: தொல்லைப்பட்டவரே வாங்கினார், வாங்கியவரே பயன்படுத்துகிறார்.

கேமரா மட்டும் இந்தக் கணக்கில் அடங்காது. ஆலையிலிருந்து வந்த கடவுச்சொல்லை மாற்றாத கேமராக்களையும் பிற கருவிகளையும் கைப்பற்றித்தான் 2016இல் ‘மிராய்’ என்ற தீநிரல் இணையத்தின் பெரிய தளங்களை முடக்கியது. இந்திய அரசும் கண்காணிப்புக் கேமராக்களுக்கான கட்டாயப் பாதுகாப்பு விதிகளை 2025 ஏப்ரலில் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. ஆனால் கூடத்தில் உட்கார்ந்து புடவை மடிக்கும் அம்மா, தன்னை யார் எப்போது பார்க்கிறார்கள் என்று தெரியாமல் இருப்பதற்கு எந்த விதியும் மருந்தாகாது. அதை மாட்டுமுன் அவரிடம் கேட்க வேண்டும். வேண்டாம் என்றால் வாசலோடு நிறுத்திக்கொள்ள வேண்டும்.

2017இல் ஸ்மார்ட் சிட்டி பட்டியலில் சேர்ந்த ஊர் திருச்சி. துவாக்குடியில் என்ஐடி இருக்கிறது, ஊருக்கென்று பாரதிதாசன் பல்கலைக்கழகமும் இருக்கிறது. சித்திரை வீதியில் ஐந்து வீடு, தில்லைநகர் அடுக்ககத்தில் ஐந்து வீடு என்று எடுத்து, ஒன்பது மாதம் இங்கேயும் கவனித்துப் பார்க்கலாம். கேள்விகளைப் பெரியவர்களிடமும் வீட்டு வேலைக்கு வருபவர்களிடமும் முதலில் கேளுங்கள். கருவி வாங்கித் தந்த பிள்ளைகளிடம் பிறகு கேட்டுக்கொள்ளலாம்.