இரண்டாவதாக வரும் உணர்ச்சி

கேட்டி பாங்க்ஸ் என்றொரு மாணவி இல்லவே இல்லை. ஆனாலும் அவளுக்கு உதவ முன்வந்தவர்கள் ஏராளம்.

1970களின் பிற்பகுதியில், அமெரிக்காவின் கேன்சஸ் பல்கலைக்கழகத்தில் டேனியல் பேட்சன் என்ற உளவியலாளரும் அவரது சகாக்களும் உருவாக்கிய பாத்திரம் அவள். கல்லூரியில் கடைசி வருஷம் படிக்கும் பெண். கார் விபத்தில் அப்பா, அம்மா, ஒரு சகோதரி மூவரும் போய்விட்டார்கள். மிச்சம் இருப்பது ஒரு தம்பியும் தங்கையும். படிப்பை விட்டால் நல்ல வேலை கிடைக்காது. வேலை கிடைக்காவிட்டால் சின்னஞ்சிறுசுகளைத் தத்துக் கொடுக்க வேண்டியதுதான். இந்தக் கதையை வானொலிச் செய்தி போலப் பதிவு செய்து மாணவர்களுக்குப் போட்டுக் காட்டினார்கள். சிலரிடம், அந்தப் பெண்ணின் மனம் என்ன பாடுபடும் என்று நினைத்தபடி கேளுங்கள் என்றார்கள். மற்றவர்களிடம், ஒலிபரப்பு எப்படி அமைக்கப்பட்டிருக்கிறது என்று மட்டும் கவனியுங்கள் என்றார்கள். பிறகு பேச்சோடு பேச்சாக, அவளுக்காக எத்தனை மணி நேரம் ஒதுக்க முடியும் என்று ஒரு தாளை நீட்டினார்கள்.

கேட்கும் விதத்தை மாற்றினாலே உதவும் மனமும் மாறுகிறது என்பது பேட்சன் கண்டது. அப்படியானால் கேட்கும் ஆளைப் பொறுத்து எதுவும் மாறாதா? உதவுகிற குணம் என்று ஒன்று பிறவியிலோ வளர்ப்பிலோ வந்து நம்மிடம் தங்கியிருக்கவில்லையா? இந்தக் கேள்வியைப் பல ஆண்டுகள் விடாமல் துரத்தியவர் வில்லியம் கிராசியானோ. இண்டியானா மாநிலத்தின் பர்டியூ பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய உளவியலாளர்.

அவர் துரத்திய காலத்தில் அந்தக் கேள்விக்கு மவுசு இல்லை. 1968இல் வால்டர் மிஷெல் எழுதிய புத்தகம், ஒருவருடைய குணத்தை வைத்து அவர் நாளைக்கு என்ன செய்வார் என்று சொல்வது மிகக் கடினம் என்று வாதிட்டு, ஆளுமை ஆராய்ச்சியையே ஆட்டம் காண வைத்திருந்தது. ஐந்தே வருஷத்தில் பிரின்ஸ்டன் சோதனையும் சேர்ந்துகொண்டது.

அந்தச் சோதனையை உளவியல் படித்தவர்கள் மறக்க மாட்டார்கள். 1973இல் ஜான் டார்லியும் இதே பேட்சனும் வெளியிட்டது. பிரின்ஸ்டன் இறையியல் கல்லூரி மாணவர்கள் 40 பேர், ஒரு கட்டடத்திலிருந்து அடுத்த கட்டடத்துக்குப் போய்ச் சிறு உரை நிகழ்த்த வேண்டும். பாதிப் பேருக்குத் தலைப்பு நல்ல சமாரியன் கதை: வழியில் அடிபட்டுக் கிடந்தவனை மதகுருமார் கடந்து போக, வேற்று இனத்தான் தூக்கிவிட்ட விவிலியக் கதை. இவர்கள் போகும் சந்தில் ஓர் ஆள் சுருண்டு உட்கார்ந்து இருமி முனகிக்கொண்டிருந்தார், ஏற்பாடு செய்யப்பட்டவர்தான். நேரம் இருக்கிறது என்று சொல்லி அனுப்பப்பட்டவர்களில் 63 விழுக்காட்டினர் நின்று உதவினார்கள். தாமதமாகிவிட்டது, ஓடுங்கள் என்று விரட்டப்பட்டவர்களில் 10 விழுக்காட்டினர். சமாரியன் கதையைச் சொல்லப் போன சிலர் அந்த ஆளைத் தாண்டிக் காலை வைத்துப் போனார்கள். யாருக்கு எப்படிப்பட்ட பக்தி என்று கேள்வித்தாள் வைத்து அளந்த அளவுகள், யார் நிற்பார் என்பதைக் காட்டிக் கொடுக்கவில்லை.

ஆக, குணம் ஒன்றுமில்லை, கடிகாரம்தான் எல்லாம் என்று முடிவு கட்டிவிடலாம் போலிருந்தது. கிராசியானோ கட்டவில்லை. ஆளுமையை ஐந்து பெரும் பண்புகளாகப் பிரிக்கும் முறை 1980களில் வேரூன்றத் தொடங்கியிருந்தது. அந்த ஐந்தில் ஒன்றை அவர் பிடித்துக்கொண்டார். அகராதிப்படி அதை இணக்கம் என்று சொல்லலாம். பிறரிடம் குறை தேடாமை, நம்புதல், விட்டுக்கொடுத்தல், சண்டையைத் தணித்தல் எல்லாம் அதில் அடக்கம். தமிழில் இன்னும் நெருக்கமான சொற்கள் இருக்கின்றன. திருக்குறளில் கண்ணோட்டம் என்று ஓர் அதிகாரமே உண்டு. அந்தச் சொல்லை நாம் இன்று ‘என்னுடைய கண்ணோட்டத்தில்’ என்று கருத்துச் சொல்லும் இடத்தில் போட்டு வீணடித்துவிட்டோம். தாட்சண்யம் இன்னொரு சொல். அதற்கு ஒரு நிழல் பக்கமும் உண்டு, பிறகு வருகிறேன்.

2007இல் மீரா ஹபாஷி, பிராட் ஷீஸ், ரெனே டோபின் ஆகியோருடன் சேர்ந்து கிராசியானோ வெளியிட்ட கட்டுரையில் என்னைப் பிடித்து நிறுத்திய செய்தி ஒன்று உண்டு. கூடப்பிறந்தவர் உயிர் ஆபத்தில் இருக்கிறார் என்றால், இணக்கம் குறைந்தவரும் ஓடத்தான் செய்கிறார். இரத்த உறவுக்கு ஓடுவதற்கு நல்லவராக இருக்க வேண்டியதில்லை. வேறுபாடு அந்த வட்டத்துக்கு வெளியேதான் தெரிகிறது. இணக்கம் கூடியவர்களின் உதவி நண்பர், முன்பின் அறியாதவர், ‘நம்ம ஆள் இல்லை’ என்று கருதப்படுபவர் என்று அகலமாக விரிகிறது. ஒருவர் வீட்டு மனிதர்களிடம் தங்கமாக நடப்பதை வைத்து அவருக்கு நற்சான்றிதழ் கொடுக்கும் வழக்கத்தை நாம் சற்றுத் தள்ளிவைக்கலாம்.

இதைவிட முக்கியமானது அவரும் ஹபாஷியும் 2010இல் முன்வைத்த விளக்கம். அதன் வேர், பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ரிச்சர்ட் சாலமன் வகுத்த ஒரு பழைய கோட்பாடு. முதன்முறை பாராசூட்டில் குதிப்பவருக்கு வயிற்றைக் கலக்கும் பயம். தரையில் இறங்கிய சில நிமிஷங்களில் வாய் ஓயாத உற்சாகம். ஓர் உணர்ச்சி பாய்ந்து வந்தால், அதற்கு எதிரான இன்னொன்று பின்னால் மெல்ல எழும் என்றார் சாலமன். பழகப் பழக முதலாவது வலுவிழக்கும், இரண்டாவது வலுப்பெறும்.

துன்பத்தில் கிடப்பவரைப் பார்க்கும்போதும் இதுதான் நடக்கிறது என்கிறார்கள் கிராசியானோவும் ஹபாஷியும். முதலில் வருவது இரக்கம் அன்று, பதற்றம். அந்தப் பதற்றம் நம்மைப் பற்றியது, அந்த இடத்தைவிட்டு நகரச் சொல்வது. பரிவு அதன் பின்னால், தாமதமாகத்தான் வருகிறது. இணக்கம் கூடியவரிடம் இந்த இரண்டாவது வலுவாக எழுகிறது. வேற்று மனிதர் மீது வெறுப்பும் இதே இரண்டு படிகளில்தான் ஏறி இறங்குகிறதாம்: முதலில் ஒரு சுளிப்பு, பிறகு அதைத் திருத்தும் எண்ணம். உதவியையும் வெறுப்பையும் ஒரே இயந்திரத்தின் இரண்டு ஓட்டமாகப் பார்த்ததுதான் இந்த ஆராய்ச்சியின் துணிச்சல் என்று நினைக்கிறேன்.

எனக்கு இது நிம்மதியாகவும் இருந்தது. சில வருஷங்களுக்கு முன், சாலையோரம் பைக்கோடு விழுந்து கிடந்த ஒருவரைப் பார்த்ததும் என் மனத்தில் முதலில் ஓடியது, கார் சீட்டில் இரத்தக் கறை படியுமே என்பதுதான். வண்டியை நிறுத்தினேன், அது வேறு விஷயம். அந்த முதல் நினைப்புக்காக நெடுநாள் கூசிக்கொண்டிருந்தேன்.

சரி, தாட்சண்யத்துக்கு வருவோம். அது கையைக் கடிக்கும் என்பது வீட்டில் பெரியவர்கள் சொல்லித் தெரிந்ததுதான். 2012இல் டிமத்தி ஜட்ஜ் குழுவினர் அமெரிக்கத் தரவுகளைப் பார்த்தபோது, இணக்கம் குறைந்த ஆண்கள் மற்ற ஆண்களைவிட ஏறத்தாழ 18 விழுக்காடு அதிகம் சம்பாதித்தார்கள். பெண்களிடம் இந்த இடைவெளி 5 விழுக்காடுதான். பணம் போனால் போகட்டும். பிரான்ஸிலிருந்து வந்த செய்திதான் உறுத்துகிறது. 2010இல் அந்நாட்டுத் தொலைக்காட்சியில் ஓர் ஆவணப்படம் வந்தது. போலியான போட்டி நிகழ்ச்சி. தவறாகப் பதில் சொல்பவருக்குப் போட்டியாளர் மின் அதிர்ச்சி கொடுக்க வேண்டும். அதிர்ச்சி பொய், அலறல் நடிப்பு. ஸ்டான்லி மில்கிராம் 1960களில் யேல் பல்கலைக்கழகத்தில் செய்த சோதனையின் மறு அவதாரம். தொகுப்பாளினி சொல்லச் சொல்ல, பெரும்பாலோர் கடைசி வோல்ட் வரை போனார்கள். சில மாதங்கள் கழித்து லோரான் பேக் என்ற உளவியலாளரின் குழு அவர்களில் 66 பேரைத் தொடர்புகொண்டு ஆளுமையை அளந்தது. அதிகம் அதிர்ச்சி கொடுத்தவர்கள் முரடர்கள் அல்லர். இணக்கமும் பொறுப்புணர்வும் கூடியவர்கள். குறைவாகக் கொடுத்தவர்களில், போராட்டம் என்றால் இறங்கத் தயங்காத பெண்கள் இருந்தார்கள்.

பக்கத்தில் நிற்பவரின் முகம் கோணக் கூடாது என்ற அதே குணம், எதிரே கட்டுண்டு அலறுபவரை மறக்கடித்துவிட்டது. யாருக்கு இணங்குவது என்ற கேள்வியை ஆளுமைக் கேள்வித்தாள்கள் கேட்பதில்லை.

பிரின்ஸ்டன் கட்டுரையில் பலரும் கவனிக்காமல் விடும் ஒரு பகுதி இருக்கிறது. நிற்காமல் போன மாணவர்களைக் கல்நெஞ்சர்கள் என்று டார்லியும் பேட்சனும் எழுதவில்லை. அடுத்த கட்டடத்துக்குள் நுழைந்தபோது அவர்களில் பலர் பதறிப்போய், நிலைகொள்ளாமல் இருந்தார்களாம். தங்களை நம்பி ஒருவர் அங்கே காத்திருக்கிறார், அவரை ஏமாற்றக் கூடாது என்றுதான் ஓடிவந்திருந்தார்கள். சந்தில் இருந்தவர் அதற்குள் பின்னால் போய்விட்டிருந்தார்.