பழைய டிராக்டரில் ஹெட் கேஸ்கட் பழுதைக் கண்டறிதல்

டீசல் எஞ்சினின் சிலிண்டர் பிளாக்குக்கும் அதன்மேல் அமரும் ஹெட்டுக்கும் நடுவே வைத்து இறுக்கப்படும் மெல்லிய தகடே ஹெட் கேஸ்கட் ஆகும். எரிந்த வாயு சிலிண்டரை விட்டும், தண்ணீரும் ஆயிலும் தத்தம் வழியை விட்டும் வெளியேறாதபடி காப்பது அதன் வேலை. 1960இல் சென்னையில் தொடங்கப்பட்ட டாஃபே நிறுவனம் தயாரித்த மாசி பெர்குசன் 1035 போன்ற மூன்று சிலிண்டர் டிராக்டர்கள் நெடுங்காலம் வயலில் உழைப்பவை என்பதால், அவற்றின் உரிமையாளர் எவரும் இந்தப் பழுதை என்றேனும் சந்திக்கக்கூடும்.

கேஸ்கட் எந்த இடத்தில் விட்டுப்போகிறது என்பதைப் பொறுத்து அறிகுறி மாறும். தண்ணீர் வழிக்கும் ஆயில் வழிக்கும் இடையே விட்டால், டிப் ஸ்டிக்கில் ஆயில் பால் கலந்ததுபோல் வெளுத்துத் தெரியும். அந்நிலையில் எஞ்சினை ஓட்டினால் பேரிங்குகள் கெடும். அடுத்தடுத்த இரு சிலிண்டர்களுக்கு இடையிலுள்ள குறுகிய பகுதி எரிந்துபோனால் தண்ணீர் சிறிதும் குறையாது. ஸ்டார்ட் ஆவதில் சிரமமும் இழுவைக் குறைவும் மட்டுமே தோன்றுவதால், குறை டீசலைத் தெளிக்கும் நாசிலில் இருப்பதாகக் கருதி வீண்செலவு செய்வோர் பலர். கம்ப்ரஷன் கேஜ் வைத்துப் பார்க்கையில் பக்கத்துப் பக்கத்து இரு சிலிண்டர்களில் மட்டும் அழுத்தம் குறைந்திருந்தால், சந்தேகம் பெரும்பாலும் கேஸ்கட்டின் மீதே விழும்.

எரிந்த வாயு தண்ணீர் வழிக்குள் புகும் பழுதை ரேடியேட்டரின் வாயிலேயே காணலாம். எஞ்சின் முழுவதும் ஆறியிருக்கும்போது மூடியைத் திறந்து, தண்ணீரை விளிம்புவரை நிரப்பி, ஃபேன் பெல்ட்டைக் கழற்றிவிட்டு ஸ்டார்ட் செய்ய வேண்டும். பெல்ட் இல்லாததால் பம்ப் தண்ணீரைக் கலக்காது. எனவே தொடக்கத்தில் வெளிவரும் சில குமிழிகளுக்குப் பிறகும் ஓயாமல் குமிழிகள் எழுந்தால் அது சிலிண்டரிலிருந்து வரும் வாயுவே. ஒவ்வொரு நாசில் குழாயின் நட்டையும் முறைமுறையாகத் தளர்த்தி, எதைத் தளர்த்தும்போது குமிழிகள் குறைகின்றன என்று கவனித்தால், பழுதான சிலிண்டர் எது என்பதையும் அறியலாம். பீறிடும் டீசல் தோலைத் துளைக்க வல்லது என்பதால் கை அருகே செல்லக்கூடாது. பெல்ட் இல்லாமல் ஓரிரு நிமிடத்துக்கு மேல் ஓட்டுவதும் தவறு.

தண்ணீர் சிலிண்டருக்குள் கசிந்தால் புகை வெள்ளையாக வரும், ஆனால் வெள்ளைப் புகையை மட்டும் நம்பி ஹெட்டைக் கழற்றுவது அவசரமாகும். சரியாக எரியாத டீசலும் அதே நிறத்தில் வெளிவரும், ஆனால் அது கண்ணை எரிக்கும். தண்ணீர் ஆவியில் அந்த எரிச்சல் இருப்பதில்லை. இரவு முழுவதும் நின்ற டிராக்டர் காலையில் சுற்ற மறுத்தால் செல்ஃபை மீண்டும் மீண்டும் அழுத்தலாகாது: சிலிண்டரில் தேங்கிய தண்ணீர் அமுங்காது என்பதால் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். நாசில்களைக் கழற்றிவிட்டு எஞ்சினைக் கையால் மெல்லச் சுற்றினால் தண்ணீர் வெளியேறும்.

பழுது உறுதியானபின் ஹெட்டைக் கழற்றும்போது, பழைய கேஸ்கட்டை உடனே எறிந்துவிடாமல் பார்ப்பது முக்கியம். வாயு கசிந்த வழி கருங்கோடாய் அதில் பதிந்திருக்கும். அதே இடத்தில் ஹெட் வளைந்துள்ளதா என்பதை நேர்ச்சட்டமும் ஃபீலர் கேஜும் காட்டும். கேஸ்கட் எரிவதற்குப் பெரும்பாலும் அடைபட்ட ரேடியேட்டர், தளர்ந்த ஃபேன் பெல்ட், வேலை செய்யாத பம்ப் ஆகியவற்றால் எஞ்சின் கொதித்ததே காரணமாக இருப்பதால், அவற்றைச் சரிசெய்யாமல் புதிய கேஸ்கட் போட்டால் அதுவும் விரைவில் எரிந்துபோகும்.