வருடா வருடம் ஃப்ளூ ஊசி: பழகிப்போனால் பலன் போய்விடுமா?

சங்கரன்கோவிலிலிருந்து எழுபது வயதைக் கடந்த வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: “சில வருடங்களாக ஃப்ளூ ஊசி போட்டுவருகிறேன். திரும்பத் திரும்பப் போட்டால் உடம்புக்குப் பழகிப்போய் ஊசி வேலை செய்யாது என்று வாட்ஸ்அப்பில் வந்தது. இந்த வருடம் விட்டுவிடலாமா?”

விட வேண்டாம் ஐயா. ஆனால் அந்தச் செய்தி முழுப் பொய்யும் இல்லை.

வைரஸின் மேல் நீட்டிக்கொண்டிருக்கும் ஹீமக்ளூட்டினின் புரதத்தைத்தான் ஊசி உடம்புக்கு அடையாளம் காட்டுகிறது. அதன் தலைப்பகுதி கொஞ்சம் கொஞ்சமாக மாறிக்கொண்டே இருக்கும். ஹெச்3என்2 என்ற ஃப்ளூ வகையில் வேகம் அதிகம். இங்கேதான் எனக்குப் பிடித்த சங்கதி தொடங்குகிறது: திரும்பத் திரும்பப் போடும் ஊசியை உடம்பு எப்படி எடுத்துக்கொள்கிறது என்பது.

விசைத்தறி ஓடும் உங்கள் ஊரில் இதைச் சொல்வது சுலபம். பாவு தீர்ந்ததும் புதுப் பாவின் இழைகளைப் பழைய பாவின் நுனிகளோடு பிணைத்துவிடுவார்கள். விழுதிலும் அச்சிலும் இழை ஏற்கெனவே கோத்திருப்பதால் வேலை சீக்கிரம் முடியும். ஆனால் நெசவு பழைய அமைப்பில்தான் ஓடும். முன்பு கண்ட கிருமியை நினைவில் வைத்திருக்கும் நம் பி செல்களும் அப்படியே. இந்த வருட ஊசி போன வருடத்தையே ஒத்திருந்தால், இருக்கிற கோப்பிலேயே பிணைத்து எதிர்ப்பொருளை நெய்யத் தொடங்கிவிடும். முதலிலிருந்து ஒவ்வொரு இழையாகக் கோப்பது புதிய பி செல்களின் வேலை. அவற்றுக்கு வாய்ப்பு குறைவு. ரத்தத்தில் மிச்சமிருக்கும் பழைய எதிர்ப்பொருள்கள், ஊசியில் வந்த புரதத்தைப் போய் மூடிக்கொள்கின்றன. வயதாக ஆகக் கோக்கத் தெரிந்த கைகளும் குறைகின்றன. பி செல்களைப் பழக்கும் டி செல்கள் தளர்ந்துவிடுகின்றன. ஊசியின் டிசைன் நன்றாக மாறிவிட்டாலோ பழைய கோப்பு உதவாது, புதிதாகக் கோத்தே ஆகவேண்டும். அப்போது இடைஞ்சலும் குறைவு.

ஆக, சிக்கல் எல்லா வருடமும் வருவதில்லை. இரண்டு வருட ஊசியும் ஒன்றுபோல இருந்து, ஊரில் சுற்றும் வைரஸ் மட்டும் விலகிப்போன வருடத்தில்தான் வருகிறது. 1999இல் டெரக் ஸ்மித் குழு கணினி மாதிரியில் காட்டியது இதைத்தான்.

முன்கதை சுருக்கமாக: சிறுவயதில் முதலில் தொற்றிய ஃப்ளூவின் நினைவே ஆயுளுக்கும் ஓங்கி நிற்கிறது என்று 1960இல் தாமஸ் ஃபிரான்சிஸ் எழுதினார். வருடாந்தர ஊசியால் நீண்டகாலப் பலன் இல்லை என்று 1979இல் ஹோஸ்கின்ஸ் குழு சொன்னது. அவர்கள் பார்த்தது இங்கிலாந்தின் ஒரு விடுதிப் பள்ளிப் பிள்ளைகளை. அதைக் கொண்டுவந்து எழுபது வயதுக்காரரிடம் நீட்டுவது நியாயமில்லை.

‘எதிர்வினை குறைகிறது’ என்ற தலைப்புகளையும் அப்படியே நம்பாதீர்கள். எதிர்ப்பொருள் அளவு 4 மடங்கு உயர்ந்தால்தான் ‘எதிர்வினை’ என்று கணக்கில் சேர்ப்பது ஆய்வக வழக்கம். முதல்முறை போடுபவருக்கு அளவு 10இலிருந்து 80க்குப் போகிறது என்று வைத்துக்கொள்வோம், 8 மடங்கு. வருடந்தோறும் போடுபவருக்கு 80இலிருந்து 160. வெறும் 2 மடங்கு. கணக்கில் இவர் தோற்றவர், காவலில் இவர்தான் மேல்!

மருத்துவமனையில் என்ன நடக்கிறது என்பதே முக்கியம். ஸ்பெயினில் 20 மருத்துவமனைகளில் 65 வயதைத் தாண்டியவர்களிடம் நடந்த ஆய்வு 2018இல் வெளியானது. அந்த சீசனிலும் அதற்கு முந்தைய 3 சீசன்களில் குறைந்தது ஒன்றிலும் ஊசி போட்டவர்களுக்கு, ஃப்ளூவால் தீவிர சிகிச்சைப் பிரிவுக்குப் போகும் ஆபத்து 74% குறைந்திருந்தது. ஒழுங்காக ஊசி போடுகிறவர்கள் உடம்பையும் ஒழுங்காகப் பார்த்துக்கொள்பவர்களாக இருக்கலாம் என்பதால் அந்த எண்ணைக் கொஞ்சம் தள்ளுபடி செய்துதான் படிக்க வேண்டும். தள்ளியும் மிஞ்சுவது அதிகம்.

விடுவதா வேண்டாமா என்பதைவிட, எப்போது போடுவது என்றுதான் யோசிக்க வேண்டும். டெல்லியிலும் புனேயிலும் ஃப்ளூ உச்சம் தொடுவது ஜூலை முதல் செப்டம்பருக்குள். சென்னையிலும் வேலூரிலும் வடகிழக்குப் பருவமழையோடு, அக்டோபர், நவம்பரில். அதே மழையை நம்பியிருக்கும் சங்கரன்கோவிலுக்கும் இந்தக் கணக்கே பொருந்தும் என்று நினைக்கிறேன். ஏப்ரலில் போட்டால் ஐப்பசிக்குள் எதிர்ப்பொருள் வடியத் தொடங்கியிருக்கும், வயதானவர்களுக்கு இன்னும் விரைவாக. அரசின் பொதுத் தடுப்பூசித் திட்டத்தில் இது இல்லாததால் சொந்தக் காசில்தான் போடுகிறீர்கள். செப்டம்பரில் போடுங்கள், பெட்டியின் மேல் எந்த சீசன் என்று அச்சிட்டிருப்பதைப் பார்த்து வாங்குங்கள்.