மட்டாஞ்சேரியில் ஒரு வித்தை விமானம்

மட்டாஞ்சேரிப் படகுத்துறையில் நின்று கிழக்கே நோக்குபவருக்குக் குறுகிய கால்வாய்க்கு அப்பால் வில்லிங்டன் தீவு தென்படும். துறைமுகத்தை ஆழப்படுத்தத் தோண்டியெடுத்த மண்ணைக் கொண்டு, ராபர்ட் பிரிஸ்டோ என்னும் பொறியியலரின் மேற்பார்வையில், காயலின் நடுவே உண்டாக்கப்பட்ட தீவு அது. அங்குள்ள விமான நிலையத்தில்தான் 1953-ம் ஆண்டு மே மாதம் 11-ம் தேதி ‘கருடா’ என்னும் கடற்படை விமானத் தளம் தொடங்கப்பெற்றது. விமானி இன்றிப் பறக்கும் ‘ஹெரான்’, ‘ஸர்ச்சர்’ வகை ஊர்திகளைக் கொண்ட கடற்படைப் பிரிவு ஒன்றும் 2006-ம் ஆண்டில் கொச்சியிலேயே அமைக்கப்பட்டது. தலைக்கு மேலே விமானங்களைக் கண்டு வளரும் ஊரில் சிலருக்கேனும், தாமும் ஒரு விமானத்தைக் கட்டித் தரையில் நின்றவாறே அதை இயக்க வேண்டும் என்னும் ஆசை எழுவது இயல்பே.

இரண்டு மீட்டருக்கு மேற்பட்ட இறக்கையுடன், வானொலி அலைகளால் இயக்கப்பட்டு, செங்குத்து வட்டமிடுதல், உருளுதல், தலைகீழாகப் பறத்தல் ஆகிய வித்தைகளைச் செய்யவல்ல பெரிய மாதிரி விமானங்கள் இன்று உலகெங்கும் கட்டப்படுகின்றன. இவற்றுள் எதைத் தெரிந்தெடுப்பது என்று சிந்திப்பவர்கள் பெரும்பாலும் விமானங்களின் படங்களைப் பரப்பி வைத்துக்கொண்டு தொடங்குவர். மட்டாஞ்சேரியைப் பொறுத்தவரை இம்முறை பொருந்தாது. முதலில் தெரிந்தெடுக்க வேண்டியது மைதானம். விமானம் அதற்குப் பிறகு.

இதற்குக் காரணம் வெளிப்படை. 2021-ம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் மத்திய அரசாங்கம் வெளியிட்ட ட்ரோன் விதிகளின்படி, 25 கிலோகிராமுக்கு மேற்படாத எடையுடன், கல்வி, ஆராய்ச்சி அல்லது பொழுதுபோக்கின் பொருட்டு, கண்பார்வைக்கு எட்டும் தூரத்திற்குள் மட்டுமே இயக்கப்படும் ஊர்தி ‘மாதிரி’ என்னும் வகையைச் சேரும். இவ்வகைக்கு ரகச் சான்றிதழ் பெறத் தேவையில்லை. ஆயினும் வான்வெளி பற்றிய கட்டுப்பாடுகள் இதற்கும் உண்டு. நாட்டின் வான்வெளி பச்சை, மஞ்சள், சிவப்பு என மூன்று மண்டலங்களாகப் பிரிக்கப்பட்டுள்ளது. பச்சை மண்டலத்தில் பொதுவாக 400 அடி, அதாவது சுமார் 120 மீட்டர் உயரம் வரை பறக்கவிடலாம். விமான நிலைய எல்லையிலிருந்து 8 முதல் 12 கிலோமீட்டர் வரையிலுள்ள வளையத்தில் அந்த உயரம் 200 அடியாகக் குறைகிறது. கால்வாய்க்கு அக்கரையிலேயே கடற்படையின் ஓடுபாதை அமைந்துள்ள ஓர் ஊரில், வீட்டு மாடியிலிருந்தோ கடற்கரையிலிருந்தோ முன் அனுமதியின்றி எதையும் பறக்கவிடலாகாது என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

சரி, வடக்கே செல்லலாமா? அங்கே 1999-ம் ஆண்டில் திறக்கப்பட்ட நெடும்பாசேரி விமான நிலையத்தின் வளையம் எதிர்ப்படும். வேறு மாவட்டங்களில் அறுவடை முடிந்த வயல்களே மாதிரி விமானங்களுக்கு மைதானமாக உதவுவதுண்டு. ஆனால் எறணாகுளம் மாவட்டத்தின் கடலோரப் பொக்காளி வயல்களில் நெல் அறுத்த கையோடு நவம்பர் முதல் ஏப்ரல் வரை உப்புநீர் தேக்கி இறால் வளர்க்கின்றனர். அங்கே இறங்கும் விமானத்தை வலை வீசித்தான் எடுக்க வேண்டும்! ஆகவே இரு விமான நிலையங்களையும் விட்டு விலகி, வீடுகளும் மின்கம்பிகளும் இல்லாத, நூறு மீட்டர் நீளமேனும் சமதரை உள்ள இடமொன்றை உள்நாட்டில் தேடி, நில உடைமையாளரின் சம்மதத்தையும் பெற்ற பின்னரே ஒரு பலகையை வாங்குவது விவேகம்.

மைதானம் தொலைவில் என்று முடிவானதும், விமானத்தின் அளவு பாதி முடிவாகிவிடுகிறது. அது மோட்டார் வண்டியில் அடங்க வேண்டும். அதற்கு முன், பழைய பண்டகசாலைகளுக்கு இடையேயுள்ள வீட்டின் ஒடுங்கிய மாடிப்படியில் திரும்ப வேண்டும். வித்தை விமானங்களுள் புகழ்பெற்ற ‘எக்ஸ்ட்ரா 300’ ஜெர்மானியரான வால்டர் எக்ஸ்ட்ராவினால் உருவாக்கப்பட்டு 1988-ல் முதன்முறை பறந்தது. இதன் இறக்கை நீளம் 8 மீட்டர். உடலின் நீளம் சுமார் 7.1 மீட்டர். இறக்கை 2.2 மீட்டர் இருக்குமாறு இதைக் குறுக்கினால் உடல் இரண்டு மீட்டருக்குச் சற்றுக் குறைவாக அமையும். இறக்கையை இரு பாதிகளாகச் செய்து நடுவில் ஒரு குழாயினால் இணைத்தால் ஒவ்வொரு பாதியும் ஒரு மீட்டரளவே இருக்கும். இது படியிலும் திரும்பும், வண்டியிலும் அடங்கும்.

இங்கே அளவு விதியைச் சற்று ஆராய்வது பயனுள்ளது. ஒரு பொருளின் நீளத்தைக் குறைத்தால் அதன் பரப்பு அக்குறைவின் வர்க்கமாகவும், கன அளவு அதன் கனமாகவும் குறைகின்றன. மூல எக்ஸ்ட்ராவின் உச்ச எடை 950 கிலோகிராம். இறக்கைப் பரப்பு சுமார் 10.7 சதுர மீட்டர். 2.2 மீட்டர் மாதிரியில் பரப்பு 0.81 சதுர மீட்டராகும். எடையும் அதே விதிப்படி குறைந்தால் அது ஏறக்குறைய 20 கிலோகிராம் இருக்க வேண்டும். ஆனால் தேர்ந்த கைகள் இதனை 7½ கிலோகிராமில் முடித்துவிடுகின்றன. இதன் விளைவாக, மூல விமானத்தில் ஒரு சதுர மீட்டர் இறக்கை சுமார் 89 கிலோகிராமைத் தாங்க, மாதிரியில் 9 கிலோகிராமுக்குச் சற்று அதிகமாகவே தாங்குகிறது. பறக்கத் தேவையான குறைந்தபட்ச வேகம் இச்சுமையின் வர்க்க மூலத்தைப் பொறுத்தது. மூல விமானம் மணிக்கு சுமார் 100 கிலோமீட்டருக்குக் கீழே தாங்குதிறனை இழக்குமாயின், மாதிரி அதில் மூன்றில் ஒரு பங்கு வேகத்திலும் தள்ளாடாமல் மிதந்து வரும். பெரிய மாதிரிகள் மெல்ல இறங்குவதன் இரகசியம் இதுவே. கட்டுகையில் ஒரு கிலோகிராம் எடை மிகுந்துவிட்டால் கெடுவதும் இந்த நற்குணமே.

அப்படியானால் இன்னும் பெரிதாக, மூன்று மீட்டர் இறக்கையுடன் கட்டினால் என்ன? பறப்பதற்கு அது இன்னும் அழகாகவே இருக்கும். ஆனால் பெரிய விமானத்தின் வட்டங்களும் பெரியவை. 2.2 மீட்டர் விமானம் மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் ஓர் உட்புற வட்டத்தை ஐம்பது அறுபது மீட்டர் உயரத்திற்குள் முடித்துக்கொள்ளும். மூன்று மீட்டர் விமானத்திற்கு 120 மீட்டர் கூரை நெருக்கடியாகத் தோன்றும். விலையோ சொல்லத் தரமன்று.

இனி எந்த விமானத்தின் வடிவம் என்பது. 1940-களில் அமெரிக்கரான கர்ட்டிஸ் பிட்ஸ் உருவாக்கிய இரட்டை இறக்கை ‘பிட்ஸ்’ கண்ணைக் கவர்வது. ஆனால் இரண்டு ஜோடி இறக்கைகளை இழைக்கும் உழைப்பும், ஒவ்வொரு முறையும் மைதானத்தில் அவற்றைப் பூட்டும் நேரமும் இருமடங்கு. 1984-ல் பறந்த ரஷ்ய ‘ஸூகோய் 26’ வட்ட வடிவ மூக்கை உடையது. அகன்ற அம்மூக்கில் இயந்திரத்தைப் பொருத்துவதும் அதற்குக் காற்றோட்டம் அளிப்பதும் எளிது. காற்றின் எதிர்ப்பு சற்று அதிகம். எக்ஸ்ட்ராவுக்கோ நேரான, நடுவில் அமைந்த இறக்கை. மேலும் கீழும் ஒரேவிதமான குறுக்குவெட்டு. ஆகவே நிமிர்ந்து பறப்பதற்கும் தலைகீழாய்ப் பறப்பதற்கும் அது பெரிய வேற்றுமை காட்டுவதில்லை. முதன்முறை பெரிய விமானம் கட்டுபவருக்கு எக்ஸ்ட்ராவே தகுந்தது, ஸூகோய் அதற்கு அடுத்தபடியாக வரலாம், பிட்ஸ் காத்திருக்கட்டும்.

கட்டுவதா, கட்டியதை வாங்குவதா என்ற கேள்விக்கு முன்போல இப்போது இடமில்லை. 2022 பிப்ரவரியில், முழுமையாகவோ பகுதிகளாகப் பிரித்தோ வரும் ஆளில்லா ஊர்திகளின் இறக்குமதி பொதுவாகத் தடுக்கப்பட்டது; உறுப்புக்களுக்கு அத்தடை இல்லை. வரைபடத்தை வைத்துக்கொண்டு தானே மரம் அறுப்பவருக்கு இது தடையே அன்று.

மரம் என்றதும் கொச்சிக்காரர் பெரும்பாவூரை நினைப்பார். ரப்பர் மரத்தைக் கொண்டு பிளைவுட் செய்யும் ஆலைகள் நிறைந்த ஊர் அது. ஆனால் அப்பலகை இவ்வேலைக்கு மிகவும் கனமானது. விமானத்தைச் சமமாக அடுக்கிக் கட்டும் மேசைக்கு வேண்டுமானால் உகந்தது. இறக்கைக்கும் வாலுக்கும் வேண்டுவது ஈக்வடார் நாட்டில் மிகுதியாக விளையும் பால்ஸா. ஒரே கட்டிலிருந்து எடுத்த இரு பால்ஸாத் தகடுகளில் ஒன்று மற்றதைப்போல் இருமடங்கு கனமாயிருப்பதும் உண்டு. எனவே ஒவ்வொரு தகட்டையும் தராசில் நிறுத்து, இலேசானவற்றை வாலுக்கும் இறக்கை முனைகளுக்கும் ஒதுக்க வேண்டும். வால் தூரத்தில் இருப்பதால் அங்கே கூடும் ஒவ்வொரு கிராமுக்கும் ஈடாக மூக்கில் பல கிராம் ஈயம் வைக்க நேரும். மழைக் காலத்தில் மரம் ஈரத்தை உறிஞ்சி எடை கூடுவதோடு முறுகவும் செய்யும். ஆதலின் தகடுகளை மூடிய பெட்டியில் வைத்துக் காப்பது நன்று.

இயந்திரத்தைப் பொறுத்தவரை 50 முதல் 60 கன சென்டிமீட்டர் கொண்ட இருவீச்சுப் பெட்ரோல் இயந்திரம் இவ்விமானத்திற்குப் போதும். மின்மோட்டார் ஓசையும் அதிர்வும் இல்லாதது. ஆயினும் பன்னிரண்டு கலங்கள் கொண்ட லித்தியம் மின்கலத் தொகுதி சில நிமிடங்களில் தீர்ந்துவிடும். மின்சாரமே இல்லாத தொலைதூர மைதானத்தில் அதை நிரப்ப வழியில்லை. இவ்விடத்தில் பெட்ரோலே மேல்.

சிக்கனம் செய்யலாகாத இடம் ஒன்று உண்டு. இறக்கை மடல்களையும் வால் மடல்களையும் அசைக்கும் ஸர்வோ மோட்டார்கள், அவற்றிற்குரிய மின்கலங்கள், ரிசீவர் ஆகிய இவை பழுதுபட்டால் விமானம் வெறும் எறிபொருளாகிவிடும். மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் வரும் 7½ கிலோகிராம் விமானத்தின் ஆற்றல், அதே எடையுள்ள கல்லைப் பதின்மூன்று மாடிக் கட்டிடத்தின் உச்சியிலிருந்து போட்டால் தரையைத் தொடும்போது அதற்குள்ள ஆற்றலுக்குச் சமம். முன்னே சுழலும் விசிறியின் அபாயம் தனி. எனவே ரிசீவருக்கு ஒன்றுக்கு இரண்டு மின்கலங்களைத் தனித்தனி இணைப்பில் பொருத்துவதும், அலைத் தொடர்பு அறுந்தால் இயந்திரம் தானே தணியுமாறு ரிசீவரை முன்கூட்டி அமைப்பதும், அவ்வமைப்பைத் தரையிலேயே சோதித்துப் பார்ப்பதும் அவசியம்.

ஜூன் தொடக்கத்தில் தென்மேற்குப் பருவமழை கேரளத்தை அடைகிறது. அது ஓய்ந்தபின் வடகிழக்கு மழை நவம்பர் வரை நீடிக்கிறது. பறப்பதற்கு உதவாத இந்த மாதங்களே கட்டுவதற்கு உரியவை. முதலில் வால், பின்னர் இறக்கை, இறுதியில் உடல் என்று தொடங்கியவர் வானம் தெளியும் டிசம்பரில் உறையைச் சுருக்கி ஒட்டிக்கொண்டிருப்பார். ஜனவரியில் ஒரு நாள் விடியற்காலையில், கடற்காற்று எழுமுன், மைதானத்தில் இறக்கையின் இரு பாதிகளையும் குழாயில் செருகி, இணைப்புத் திருகுகளை இருமுறை முடுக்கி, ஆன்டெனாவைச் சரிபார்த்து, துணைக்கு வந்தவரை விசிறியின் பின்னே நிறுத்திய பிறகு இயந்திரத்தைக் கிளப்பலாம்.