ஆழம் தெரியாமல் காலை விடாதே! டாங்கிகளுக்கு முன்னால் ஆற்றில் இறங்கும் கவச வண்டி

ஸ்ரீரங்கத்துக்காரர்களுக்கு ஆற்றைப் பற்றி யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. தெற்கே காவிரி, வடக்கே கொள்ளிடம், நடுவில் ஊர். கோடையில் மணல்வெளியாகக் கிடக்கும் ஆறு, ஆடியில் கரை புரண்டு ஓடும். "தண்ணி இடுப்பளவுதான் இருக்குன்னு உள்ளே போயிடாதே, பள்ளம் எங்கே இருக்குன்னு தெரியாது" என்று அம்மா மண்டபம் படித்துறைக்குக் குளிக்கக் கிளம்பும் பிள்ளைகளிடம் வீட்டில் சொல்லி அனுப்புவார்கள்.

ஒரு மனிதருக்கே இந்த எச்சரிக்கை என்றால், 46 டன் எடையுள்ள டி-90 டாங்கிக்கு?

போர்க்காலத்தில் வழியில் ஆறு குறுக்கிட்டால், பாலம் முன்பே தகர்க்கப்பட்டிருக்கும். எதிர்க்கரையில் எதிரி காத்திருப்பார். ஆறு எவ்வளவு ஆழம், எவ்வளவு வேகம், அடியில் இருப்பது மணலா, பாறையா, சேறா என்பது தெரியாமல் படை இறங்க முடியாது. அதைத் தெரிந்துவர முதலில் ஒரு வண்டி போக வேண்டும். அது தரையிலும் ஓட வேண்டும், தண்ணீரிலும் நீந்த வேண்டும், குண்டு பட்டாலும் உள்ளே இருப்பவர்களைக் காக்க வேண்டும். அதுதான் நீந்தும் கவச வேவு வண்டி. இந்தியாவில் இந்த வண்டிகளின் கதையில் திருச்சிக்கும் ஓர் இடம் உண்டு.

அரண் என்று நினைத்தது சிறையானது

ஆறு ஒரு படையை என்ன செய்யும் என்பதற்குத் திருச்சியிலேயே உதாரணம் இருக்கிறது. 1752-ல் திருச்சிக் கோட்டைக்குள் முகமது அலியும் அவருக்குத் துணையாக ஆங்கிலேயரும் இருந்தார்கள். வெளியே முற்றுகையிட்டவர்கள் சந்தா சாகிப்பும் பிரெஞ்சுக்காரர்களும். நிலைமை தங்களுக்குப் பாதகமாகத் திரும்பியதும், பிரெஞ்சுத் தளபதி லா தன் படையோடு காவிரியைக் கடந்து ஸ்ரீரங்கம் தீவுக்குள் புகுந்துகொண்டார். இரண்டு பக்கமும் ஆறு, நடுவே கோயிலின் உயர்ந்த மதில்கள். இதைவிட நல்ல அரண் கிடைக்குமா?

ஆனால், ராபர்ட் கிளைவ் ஒரு படைப்பிரிவோடு கொள்ளிடத்தைக் கடந்து வடகரையில் இடம் பிடித்தார். புதுச்சேரியிலிருந்து உணவும் உதவியும் வரும் வழி அடைபட்டது. காப்பாற்றும் என்று நம்பிய ஆறுகளே அவர்களைப் பூட்டி வைத்தன. அந்த ஜூன் மாதமே லா சரணடைந்தார். சந்தா சாகிப் கொல்லப்பட்டார்.

ஆற்றைக் கடக்கத் தெரிந்தவர் பக்கம் வெற்றி போயிற்று. கிட்டத்தட்ட 270 ஆண்டுகள் கழிந்தும் இந்தக் கணக்கு மாறவில்லை.

தாய் வண்டியின் பெயர் 'சரத்'

இந்திய ராணுவத்தின் நீந்தும் கவச வண்டிகளில் பெரும்பாலானவற்றுக்குத் தாய், பி.எம்.பி-2. சோவியத் வடிவமைப்பான இதை இந்தியாவில் 'சரத்' என்ற பெயரில், இன்றைய தெலங்கானாவில் உள்ள மேடக் தொழிற்சாலையில் 1980-களின் பிற்பகுதியிலிருந்து தயாரிக்கிறார்கள். மேடக் தொழிற்சாலை இப்போது ஏ.வி.என்.எல். நிறுவனத்தின் கீழ் வருகிறது. அதன் தலைமையகம் சென்னை ஆவடி.

வண்டியை ஓட்டவும் சுடவும் 3 பேர். பின்னால் 7 வீரர்கள் உட்காரலாம். எடை சுமார் 14 டன். சாலையில் மணிக்கு 65 கி.மீ. வரை போகும், தண்ணீரில் 7 கி.மீ. 35 டிகிரி சரிவில் ஏறும். 70 செ.மீ. உயரத் தடையைத் தாண்டும். பழைய மாடல்தானே என்று ஒதுக்கிவிடவில்லை. 2020 ஜூனில்கூடப் பாதுகாப்பு அமைச்சகம் 1,094 கோடி ரூபாய்க்கு 156 வண்டிகளை மேடக்கிடம் கேட்டிருந்தது. அதே ஆண்டு லடாக்கில் சீன எல்லையில் பதற்றம் கூடியபோது, சிந்து நதிக்கரையில் டாங்கிகளோடு நின்றவையும் இந்த வண்டிகள்தான்.

இதன் தலையில் நீட்டிக்கொண்டிருக்கும் 30 மி.மீ. தானியங்கி பீரங்கியில்தான் திருச்சி வருகிறது. திருவெறும்பூர் பக்கம், நாவல்பட்டில் இருக்கும் துப்பாக்கித் தொழிற்சாலை 1966-ல் தொடங்கப்பட்டது. 'ஓ.எஃப்.டி.' என்றால் ஊரில் எல்லோருக்கும் தெரியும். துப்பாக்கிகளோடு இந்த 30 மி.மீ. பீரங்கியையும் தயாரிக்கும் தொழிற்சாலை அது. ஒரே பீரங்கிக்கு இரண்டு பக்கத்திலிருந்து குண்டு ஊட்டலாம். ஒரு பக்கம் கவசத்தைத் துளைக்கும் குண்டு, மறுபக்கம் வெடித்துச் சிதறும் குண்டு. எதிரில் வருவது என்ன என்று பார்த்துச் சட்டென மாற்றிக்கொள்ளலாம். குழாயை 74 டிகிரி வரை நிமிர்த்தலாம் என்பதால் மலைமேல் இருக்கும் எதிரியையும் தாழப் பறக்கும் ஹெலிகாப்டரையும் குறிவைக்க முடியும். இதே பீரங்கியின் கப்பல் வடிவம் 'சி.ஆர்.என்-91' என்ற பெயரில் கடற்படை, கடலோரக் காவல்படைக் கப்பல்களில் இருக்கிறது.

14 டன் இரும்பு மிதப்பது எப்படி?

தெப்பத் திருவிழா பார்த்தவர்களுக்கு இது புரியும். தெப்பம் எவ்வளவு கனமோ, அவ்வளவு கனமுள்ள தண்ணீரை ஒதுக்கிவிட்டால் மிதந்துவிடும். 14 டன் வண்டி 14,000 லிட்டர் தண்ணீரை ஒதுக்க வேண்டும். அதற்கேற்ப, உள்ளே காற்று நிறைந்த பெரிய பெட்டி போல வண்டியின் உடல் அமைக்கப்பட்டிருக்கிறது. கதவுகள், மூடிகள், அடித்தட்டின் வடிகால் துளைகள் எல்லாம் தண்ணீர் புகாதபடி இறுக்கி மூடப்பட வேண்டும்.

தண்ணீரில் இறங்கும் முன் ஓட்டுநர் மூக்குப் பகுதியில் மடிந்திருக்கும் ஒரு பலகையை நிமிர்த்துவார். அது இல்லையென்றால் அலை முன்பக்கத்தில் ஏறி வண்டியை மூக்கு குப்புறத் தள்ளிவிடும். உள்ளே கசியும் தண்ணீரை வெளியேற்ற பம்புகள் ஓடும். தள்ளிக்கொண்டு போவதற்குத் தனி விசிறி கிடையாது. தரையில் ஓட்டும் அதே சங்கிலிப் பட்டைகள்தான் தண்ணீரில் துடுப்பாகின்றன.

இங்கேதான் ஒரு சங்கடம். மிதக்க வேண்டுமானால் எடை கூடக் கூடாது. எடை கூடக் கூடாதென்றால் கவசம் தடிமனாக இருக்க முடியாது. இந்த வண்டியின் பக்கவாட்டுத் தகடு துப்பாக்கிக் குண்டையும் வெடிகுண்டுச் சிதறலையும் தடுக்கும். டாங்கியின் குண்டைத் தடுக்காது. இடத்தைச் சேமிக்க, வீரர்கள் ஏறி இறங்கும் பின்கதவுகளுக்குள்ளேயே டீசல் தொட்டியை வைத்திருக்கிறார்கள். நீந்தும் வசதிக்காகப் பாதுகாப்பில் செய்துகொண்ட சமரசம் இது. உள்ளே போகும் ஒவ்வொரு வீரருக்கும் இது தெரியும்.

7 கி.மீ. வேகத்தின் கணக்கு

மணிக்கு 7 கி.மீ. என்பது வேகமாக நடக்கும் ஒருவரைவிடக் கொஞ்சம்தான் அதிகம். 200 மீட்டர் அகலமுள்ள ஆற்றை அந்த வேகத்தில் கடக்க ஏறக்குறைய 100 விநாடி ஆகும். ஆறு விநாடிக்கு 1 மீட்டர் வேகத்தில் ஓடினால், அதற்குள் வண்டி 100 மீட்டர் கீழே இழுபட்டிருக்கும். நேர் எதிரே உள்ள கரையைப் பார்த்துப் புறப்பட்டால், போய்ச் சேருவது வேறொரு கரையில். அந்த இடத்தில் கரை செங்குத்தாகவோ சேறாகவோ இருந்தால் பட்டை வழுக்கும், ஏற முடியாது. எதிரியின் கண் முன்னால் தண்ணீரில் தத்தளிக்க வேண்டியதுதான்.

அதனால், எங்கே இறங்குவது என்பதைவிட எங்கே ஏறுவது என்பதை முதலில் முடிவு செய்ய வேண்டும். அதற்கு நீரோட்டத்தின் வேகம், ஆற்றின் அகலம், இரண்டு கரைகளின் சரிவு ஆகிய மூன்றும் தெரிந்திருக்க வேண்டும்.

அளந்து சொல்லும் வண்டி

இந்த வேலைக்கென்றே சரத் வண்டியின் உடலில் டி.ஆர்.டி.ஓ. உருவாக்கியது, ஏ.இ.ஆர்.வி. எனப்படும் பொறியாளர் வேவுக் கவச வண்டி. மேடக் தொழிற்சாலையும் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனத்தின் புனே பிரிவும் சேர்ந்து தயாரித்தவை. 2021 டிசம்பரில் புனேயில் அன்றைய தரைப்படைத் தளபதி ஜெனரல் நரவானே முன்னிலையில் இவை ராணுவப் பொறியாளர் படையில் சேர்க்கப்பட்டன. அந்தப் படையின் மூத்த பிரிவுகளில் ஒன்றுதான் 1780-ல் தொடங்கிய மதராஸ் சாப்பர்ஸ். 'தம்பி' என்றே ராணுவத்தில் அழைக்கப்படும் வீரர்களின் படை அது.

ஏ.இ.ஆர்.வி.யின் பலம் அதன் அளவுகருவிகளில் இருக்கிறது. அக்கரை எவ்வளவு தூரம் என்று லேசர் கதிர் சொல்லும். ஒலியலையை அடித்தட்டு வரை அனுப்பி, அது திரும்பி வரும் நேரத்தை வைத்து ஆழத்தைக் கணக்கிடலாம். மீனவர்கள் படகில் வைத்திருக்கும் 'எக்கோ சவுண்டர்' வேலை செய்வதும் இப்படித்தான். நீரோட்டத்தின் வேகத்தை அளக்க ஒரு மீட்டர். கரை மண் எவ்வளவு பாரம் தாங்கும் என்று பார்க்க மண்ணில் குத்தி அளக்கும் கருவி. இரவிலும் வேலை நடக்கும்.

இந்த விவரங்கள் பின்னால் இருக்கும் படைக்குப் போய்ச் சேர்ந்ததும்தான் முடிவு எடுக்கப்படும். ஆழம் 5 மீட்டருக்குள், அடியில் மண் கெட்டி என்றால், டி-90 டாங்கிகள் காற்றுக்குழாயைப் பொருத்திக்கொண்டு ஆற்றின் அடித்தரையிலேயே ஓடிக் கடந்துவிடலாம். அது முடியாதென்றால் பாலம் போட வேண்டும். டி.ஆர்.டி.ஓ. உருவாக்கிய 'சர்வத்ரா' பாலம் லாரிகளில் வந்து, 15 மீட்டர் துண்டுகளாக 75 மீட்டர் வரை நீளும். அதை எங்கே ஊன்றுவது என்று சொல்வதும் இந்த வண்டியின் அறிக்கைதான்.

ட்ரோன் இருக்கும்போது ஆட்களை ஏன் அனுப்ப வேண்டும் என்று கேட்கலாம். ட்ரோனுக்கு எதிரி எங்கே இருக்கிறார் என்று தெரியும், ஆறு எங்கே வளைகிறது என்று தெரியும். ஆனால், செம்மண் கலங்கலாக ஓடும் வெள்ளத்துக்கு அடியில் என்ன இருக்கிறது, கரை மண் 46 டன்னைத் தாங்குமா என்பது மேலிருந்து பார்த்தால் தெரியாது. கிட்டே போய்த் தொட்டுத்தான் பார்க்க வேண்டும்.

தண்ணீர் மன்னிக்காது

2024 ஜூன் 28 இரவு. லடாக்கில் ஷியோக் ஆற்றைக் கடக்கும் பயிற்சியில் ஒரு டி-72 டாங்கி இருந்தது. திடீரென நீர்மட்டம் உயர்ந்தது. டாங்கி சிக்கிக்கொண்டது. 5 வீரர்கள் உயிரிழந்தார்கள். எதிரி யாரும் சுடவில்லை, ஆறுதான் கொன்றது.

உலகின் பெரிய ராணுவங்களுக்கும் இதே பாடம்தான். 2020 ஜூலையில் அமெரிக்காவின் கலிபோர்னியாக் கடற்கரைக்கு அப்பால் ஒரு நீந்தும் கவச வண்டி பயிற்சியின்போது மூழ்கி 9 பேர் இறந்தார்கள். வண்டியின் மோசமான பராமரிப்பும் போதாத பயிற்சியும் காரணங்கள் என்று விசாரணையில் தெரியவந்தது. மிதக்கும்படி வடிவமைத்திருந்தாலும், ஒரு ரப்பர் அடைப்பு கிழிந்திருந்தாலோ ஒரு பம்பு ஓடாமல் நின்றாலோ போதும், எல்லாம் முடிந்துவிடும்.

ஆறு ஒரே மாதிரி இருப்பதில்லை என்பதைத் திருச்சியும் பார்த்திருக்கிறது. 2018 ஆகஸ்ட் வெள்ளத்தில், ஸ்ரீரங்கத்துக்கு வடக்கே கொள்ளிடத்தின் பழைய இரும்புப் பாலத்தின் தூண்கள் சரிந்தன. சில நாட்களிலேயே முக்கொம்பில் கொள்ளிடம் மேலணையின் 9 மதகுகள் அடித்துச் செல்லப்பட்டன. மேலே பார்த்தால் வெறும் தண்ணீர். அடியில் அது என்ன அரித்துக்கொண்டிருக்கிறது என்பது விழுந்த பிறகுதான் எல்லோருக்கும் தெரிந்தது. நேற்று அளந்த ஆழம் இன்றைக்கு உதவாது என்று வேவு வண்டியின் வீரர்கள் படிக்கும் பாடமும் அதுதான்.

அடுத்து என்ன?

சரத் வண்டியின் உடலில் வேறு வேவு வண்டிகளும் பிறந்திருக்கின்றன. அணுக்கதிர், நச்சு ரசாயனம் பரவியிருக்கிறதா என்று உள்ளே பாதுகாப்பாக உட்கார்ந்தபடி சோதிக்கும் வண்டி அவற்றில் ஒன்று. சங்கிலிப் பட்டைக்குப் பதில் டயர்களில் ஓடி, தண்ணீரிலும் நீந்தும் 'வாப்' என்ற புதிய கவச வண்டியை டி.ஆர்.டி.ஓ.வும் டாடா நிறுவனமும் சேர்ந்து உருவாக்கியுள்ளன.

தமிழ்நாடு பாதுகாப்புத் தொழில் வழித்தடம் 2019 ஜனவரியில் திருச்சியில்தான் தொடங்கி வைக்கப்பட்டது. சென்னை, கோவை, ஓசூர், சேலத்தோடு திருச்சியும் அதன் 5 மையங்களில் ஒன்று. துல்லியமாகக் கடையவும், கசியாமல் வெல்டிங் செய்யவும், தண்ணீர் புகாத அடைப்புகள் செய்யவும் தெரிந்த சிறு பட்டறைகளுக்கு இங்கே வேலை இருக்கிறது. இத்தகைய வண்டியில் ஒரு வெல்டிங் மூட்டு சரியாக இருப்பதும் இல்லாததும், உள்ளே இருக்கும் 10 பேர் அக்கரை சேர்வதா இல்லையா என்பதைத் தீர்மானிக்கும் விஷயம்.

ஆழம் தெரியாமல் காலை விடாதே என்று நம் வீடுகளில் சும்மா சொல்லி வைக்கவில்லை. பின்னால் வரும் நூற்றுக்கணக்கானவர்கள் ஆழம் தெரிந்து காலை வைக்க வேண்டும் என்பதற்காக, ஆழம் தெரியாத ஆற்றில் முதலில் இறங்குகிறார்கள் இந்த வண்டியின் வீரர்கள்.